நீரிழிவும் குடும்ப அறமும்

நீரிழிவு ஒருவருடைய உடலில் இருக்கும் நோய். ஆனால் அதற்கான சிகிச்சையில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. மருத்துவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள். மற்ற நாட்களில் என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, மாத்திரை தீருமுன் யார் வாங்கி வருவது, காலையில் நடக்கப் போக நேரம் கிடைக்குமா, கல்யாணப் பந்தியில் இலையில் எதை ஒதுக்குவது என்பதெல்லாம் குடும்பத்துக்குள் முடிவாகின்றன. அதனால் இந்த நோய் ஓர் அறவியல் கேள்வியையும் எழுப்புகிறது. ஒருவருடைய உடலைக் காக்கும் பொறுப்பு அவருக்கு மட்டுமே உரியதா? அவரைச் சார்ந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றால் அந்தப் பங்கு எதுவரை செல்லலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள், அதாவது ஏழு பேரில் ஒருவர். நெருங்கிய உறவில் ஒருவருக்கேனும் ‘சுகர்’ இல்லாத குடும்பம் இங்கே அரிது.

பொறுப்பு பற்றிய இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையானது கடந்த நூறு ஆண்டுகளில்தான். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும்வரை முதல் வகை நீரிழிவு வந்த குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவிடும். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. உயிரைப் பறித்த நோய் அதன்பின் வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டிய நோயாயிற்று. ஊசி போடும் வேலை பெற்றோரின் கைக்கு வந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு குறையும் என்பதை முதல் வகையில் 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வும், இரண்டாம் வகையில் 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வும் உறுதிசெய்தன. அன்றாடம் உண்பதும் நடப்பதும் பத்தாண்டுகள் கழித்துப் பார்வையையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்று தெரிந்த பிறகு, சாப்பாட்டு நேரத்துச் சிறு முடிவுகளுக்கும் அறத்தின் கனம் ஏறிவிட்டது.

நான்கு கூறுகளில் ஒன்று

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் மருந்து. அதன் பெரும்பாலான குறள்கள் உணவின் அளவைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டும், பசித்தபின் உண்ண வேண்டும், உடலுக்கு ஒவ்வாததை விலக்க வேண்டும் என்று அவை வற்புறுத்துகின்றன. இறுதிக் குறள் மருத்துவத்தையே நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், அதைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர் என்பவை அந்த நான்கு. சரக சம்ஹிதையும் சிகிச்சைக்கு இதே நான்கு கால்களைச் சொல்கிறது.

இந்த வகுப்பிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பார்த்துக்கொள்பவர் மருத்துவத்துக்கு வெளியே நின்று உதவுபவர் அல்லர். அவர் மருத்துவத்தின் உள்ளுறுப்பு, அவர் இல்லையென்றால் மருத்துவம் குறைபட்டது. அதே கணக்கில் நோயாளியும் ஓர் உறுப்பு. அவர் மற்ற மூவரும் வேலை செய்வதற்கான வெறும் களம் அல்லர், அவருக்கென்று செய்ய வேண்டிய பங்கு உண்டு. நான்கும் தனித்தனிக் கூறுகள் என்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளியின் பங்கைப் பார்த்துக்கொள்பவர் பறித்துக்கொண்டாலும், பார்த்துக்கொள்பவரின் பங்கு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டினாலும் மருத்துவம் ஒரு கால் குறைந்து போகும்.

பௌத்த விநய நூலில், மகாவக்கத்தில், இதை விரிக்கும் நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கில் கிடந்த துறவி ஒருவரை யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் அவரைக் கழுவித் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பிறகு புத்தர் மற்றத் துறவிகளை அழைத்து, உங்களைப் பார்த்துக்கொள்ளத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் நீங்களே கவனிக்காவிட்டால் யார் கவனிப்பார் என்று கேட்டார். குடும்பத்தைத் துறந்தவர்களும் நோயின்போது குடும்பமாக வேண்டும் என்பது அதன் பொருள். அதே இடத்தில், கவனிப்பதற்கு எளிய நோயாளியின் இயல்புகள் ஐந்தும், நல்ல பராமரிப்பாளரின் இயல்புகள் ஐந்தும் சொல்லப்படுகின்றன. நோயாளி தனக்கு ஒத்ததைச் செய்ய வேண்டும், ஒத்ததிலும் அளவறிய வேண்டும், மருந்து உண்ண வேண்டும், நோய் கூடினால் கூடியதாகவும் குறைந்தால் குறைந்ததாகவும் உண்மையைச் சொல்ல வேண்டும், வலியைப் பொறுக்க வேண்டும். பராமரிப்பவர் மருந்து தயாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஒத்ததைக் கொணர்ந்து ஒவ்வாததை அகற்ற வேண்டும், ஆதாயம் கருதாது அன்பால் செய்ய வேண்டும், அருவருப்புக் கொள்ளக் கூடாது, அவ்வப்போது நல்லுரையால் நோயாளியின் உள்ளத்தைத் தேற்ற வேண்டும். கடமை இங்கே இருபக்கமும் சமமாக வைக்கப்படுகிறது. இரண்டு பட்டியலிலும் கண்டிப்பதற்கோ மிரட்டுவதற்கோ இடமில்லை.

தன்னுரிமையும் பராமரிப்பும்

ஐரோப்பிய மெய்யியல் இந்தக் கேள்வியை நெடுங்காலம் தனிமனிதரிலிருந்தே தொடங்கியது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் தம் உடலுக்கும் மனத்துக்கும் தாமே அதிபதி என்றார். அறிவுரை கூறலாம், வேண்டலாம், வற்புறுத்திப் பணிய வைக்கக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. இதன்படி, விளைவை அறிந்தே ஒருவர் இனிப்பை உண்டால் அது அவர் உரிமை.

நீரிழிவு இந்த எல்லைக் கோட்டை மங்கச் செய்கிறது. காலில் புண் ஆறாமல் விரலை எடுக்க நேர்ந்தாலோ, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய நேர்ந்தாலோ அதன் பாரம் மனைவி, மக்கள் மீதும் விழுகிறது. மகளின் படிப்புச் செலவும் மகனின் வேலையும் அதில் சிக்குகின்றன. ஆகவே ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்ற வாதம் குடும்பத்துக்குள் முழுதாகச் செல்லாது. ஆனால் அதையே காரணமாக்கி, வளர்ந்த மனிதர் ஒருவர் தட்டில் எடுக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குக் கேட்பதும் நியாயமாகாது. உடலின் பசியும் களைப்பும் அச்சமும் அவரைச் சேர்ந்தவை. அவற்றை உள்ளிருந்து அறிபவர் அவர் ஒருவரே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பராமரிப்பு அறவியல் கேள்வியை வேறு இடத்திலிருந்து கேட்டது. கரோல் கில்லிகன் 1982இலும் ஜோன் டிரான்டோ 1993இலும் எழுதிய நூல்கள், மனிதர் தனித்து நிற்கும் அலகு அல்லர், உறவுகளுக்குள்ளேயே வாழ்பவர் என்பதைத் தொடக்கமாகக் கொண்டன. பராமரிப்புக்கு டிரான்டோ நான்கு பண்புகளை வகுத்தார். தேவையைக் கவனிப்பது, பொறுப்பேற்பது, அதைத் திறமையாகச் செய்வது, பெறுபவர் அதை எப்படி ஏற்கிறார் என்பதற்குச் செவிசாய்ப்பது. நான்காவது பண்பு முக்கியமானது. கொடுப்பவரின் நல்லெண்ணத்தால் மட்டும் பராமரிப்பு முழுமை பெறாது. அது உண்மையில் உதவிற்றா என்பதைப் பெறுபவர்தான் சொல்ல முடியும்.

நெதர்லாந்து மெய்யியலாளர் அன்னமாரி மோல் இந்த வாதத்தை நேரடியாக நீரிழிவிலேயே சோதித்தார். அந்நாட்டு மருத்துவமனை ஒன்றின் நீரிழிவுப் பிரிவில் நடப்பவற்றைக் கவனித்து அவர் எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 2008இல் வந்தது. நோயாளியைத் தெரிவு செய்யும் வாடிக்கையாளராகக் கருதும் முறையையும், பராமரிப்பின் முறையையும் அவர் ஒப்பிட்டார். தெரிவு செய்யும் முறையில், விளைவு மோசமானால் தவறாகத் தேர்ந்தவரே குற்றவாளி. பராமரிப்பின் முறையில் உடல் எப்போதும் சொன்னபடி நடப்பதில்லை என்பது முன்கூட்டியே ஏற்கப்படுகிறது. சர்க்கரை ஏறினால் எது தவறிற்று என்று பார்த்து, அளவைக் கொஞ்சம் மாற்றி, மறுபடி முயல்கிறார்கள். ஆயுள் முழுவதும் தொடரும் நோய்க்கு இந்தப் பார்வையே பொருந்துகிறது. கூடியும் குறைந்தும் வரும் எண்களை ஒவ்வொரு முறையும் தீர்ப்பாகக் கொண்டால் எந்த மனிதரும் சில மாதங்களுக்கு மேல் தாங்கமாட்டார்.

உணவும் அன்பும்

தமிழ்க் குடும்பத்தில் அன்பு பெரும்பாலும் சோற்றின் வழியாகவே வெளிப்படுகிறது. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது அவமதிப்பாகக் கருதப்படுகிறது. நல்ல செய்தி வந்தால் இனிப்பு, விரதம் முடிந்தால் பாயசம், கோயிலுக்குப் போனால் சர்க்கரைப் பொங்கலோ பஞ்சாமிர்தமோ. இனிப்பை மறுப்பவர் மனத்தாங்கலுடன் இருப்பதாக எண்ணுவோரும் உண்டு. நோய் வந்தவருக்கு இங்கே இரட்டை இழப்பு நேர்கிறது. பிடித்த உணவும் போகிறது, உணவின் வழியே கிடைத்துவந்த நெருக்கமும் போகிறது. தனியாக வைத்த கோதுமைச் சப்பாத்தி சத்தில் சரியாக இருக்கலாம், பந்தியிலிருந்து பிரித்து உட்கார வைத்த உணர்வையும் அது தரக்கூடும்.

இதற்குத் தீர்வு குடும்பத்தின் சமையலை மாற்றுவதில் இருக்கிறது. நீரிழிவுக்கு ஏற்ற உணவு என்பது தனி மருந்துணவு அல்ல. அரிசியைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டி, எண்ணெயையும் இனிப்பையும் அளவோடு வைத்தால் அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் நல்லது. பத்தியம் என்ற பழைய வழக்கம் நோயாளிக்காக அடுப்பையே மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைக் குடும்பங்களுக்குக் கற்றுத் தந்திருந்தது. பத்தியம் சில நாட்களில் முடியும், இது முடியாது. ஆகவே ஒருவரை மட்டும் விலக்கிவைக்கும் முறை இங்கே நிலைக்காது, எல்லோரும் சேர்ந்து உண்ணக்கூடியதே நிலைக்கும்.

இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம் கூடுதல் என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. இருவரும் பெரும்பாலும் இரத்த உறவினர் அல்லர் என்பதால் பொதுவான உணவும் வாழ்முறையுமே இதற்குக் காரணமாக முன்வைக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கோ பரம்பரை வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள், உணவும் உடற்பயிற்சியும் மாறினால் முந்தைய நிலையில் உள்ளவர்களில் நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைகிறது என்று காட்டின. ஒருவருக்காக மாற்றிய அடுப்பு மற்றவர்களையும் காக்கிறது. நோயாளிக்காகக் குடும்பம் தியாகம் செய்கிறது என்ற சொல்லாடலுக்கு இங்கே இடமே இல்லை.

அக்கறை காவலாகும்போது

நீண்ட நோய் உள்ள குடும்பங்களில் உதவி தடம்புரள்வதை பார்பரா ஆண்டர்சன், ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளர்கள் விவரித்தார்கள். அது படிப்படியாக நிகழ்கிறது. தொடக்கத்தில் உண்மையான கவலை. பிறகு முடிவுகள் தாம் நினைத்தபடி வராதபோது உதவுபவருக்குத் தோல்வி உணர்வு. அதைத் தணிக்க இன்னும் கடுமையான கண்காணிப்பு. நோயாளி அதை எதிர்க்கிறார், அல்லது மறைக்கிறார். மறைத்தது தெரிந்ததும் கண்காணிப்பு இன்னும் கூடுகிறது. இறுதியில் இருவரும் சண்டையிடுவது ஒருவரோடொருவர்தான். சர்க்கரை அதன் போக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுழற்சியை வீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம். ‘நேத்து கல்யாணத்துல என்ன சாப்பிட்டீங்க?’ என்ற கேள்வி அறிந்துகொள்ளவும் கேட்கப்படலாம், மாட்டிவைக்கவும் கேட்கப்படலாம். ‘இப்படியே போனா கால எடுத்துருவாங்க’ என்ற மிரட்டல் பயத்தை உண்டாக்கும், பயம் நெடுநாள் பழக்கத்தை மாற்றுவது அரிது. மாறாக, பயந்தவர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார். இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து இரத்தம் கொடுக்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு அந்த ஏமாற்று பலிக்காது, ஆனால் ஏமாற்றத் தோன்றியதே உறவு பழுதுபட்டிருப்பதன் அறிகுறி.

இங்கே விநய நூல் சொன்ன உண்மை பேசுதல் முக்கியமாகிறது. நோயாளி தன் நிலையை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அவருடைய கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றக்கூடிய சூழலை உருவாக்குவது மற்றவர்களின் கடமை. உண்மை சொன்னதற்காக ஒவ்வொரு முறையும் ஏச்சு வாங்கும் வீட்டில் உண்மை வளராது. நேற்று இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன் என்று ஒருவர் அச்சமின்றிச் சொல்ல முடிந்தால், இன்று என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து யோசிக்க முடியும்.

பெரியபுராணம் சொல்லும் திலகவதியார் கதை இந்த இடத்தில் ஒளி தருகிறது. சமணம் சேர்ந்து தருமசேனர் என்ற பெயருடன் இருந்த அவருடைய தம்பி மருள்நீக்கியாரைச் சூலை நோய் வாட்டியது. தம்பி தம் சமையற்காரரைத் திருவதிகையில் இருந்த தமக்கையிடம் அனுப்பினார். திலகவதியார் சமண மடத்துக்கு வர மறுத்தார். தம்பியே இரவில் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, தமக்கை பழைய பிரிவைச் சொல்லிக்காட்டி வருத்தவில்லை. திருநீறு கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடியவர் தம்பி. சமயத்தின் கண்ணில் இது அருளின் கதை. உறவின் கண்ணில் பார்த்தால், தமக்கை தம் எல்லையை உறுதியாக வைத்துக்கொண்டார், வந்தவரைக் குற்றம் சாட்டாமல் ஏற்றார், வழியைக் காட்டினார், அந்த வழியில் நடக்கும் வேலையை அவரிடமே விட்டார். பராமரிப்பில் இந்த நான்கும் ஒன்றாக அமைவது கடினம், அமைந்தால் அது முழுமையானது.

அறிவு மங்கும் நேரம்

தன்னுரிமையை மதிக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு தெளிவான விலக்கு உண்டு. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும். 54க்குக் கீழே போனால் மூளைக்கே எரிபொருள் குறைந்து குழப்பம், காரணமற்ற கோபம், பிடிவாதம் வரலாம். அப்போது அவர் சொல்லும் ‘எனக்கு ஒண்ணும் இல்ல, விடு’ என்பது அவருடைய தீர்மானம் ஆகாது. அந்தக் கோபத்தை அவருடைய குணமாகக் கொண்டு குடும்பத்தினர் புண்படுவதும் பிழை.

அந்த நேரத்தில் வற்புறுத்தி உதவுவது அறத்துக்கு உட்பட்டதே. அதை உறுதிப்படுத்தும் வழி, தெளிவாக இருக்கும்போதே ஒப்புதல் பெற்றுவைப்பது. ‘நான் அப்படிப் பேசினால் கேட்காதே, சர்க்கரைத் தண்ணீரைக் கொடு’ என்று நோயாளியே முன்பு சொல்லியிருந்தால் பின்னால் செய்யப்படும் வற்புறுத்தல் அவருடைய சொல்லையே நிறைவேற்றுகிறது. செய்முறையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விழுங்க முடிந்த நிலையில் 15 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும்.

வினையும் குற்றமும்

நோய்க்குக் காரணம் தேடும் பழக்கம் குடும்ப உறவுகளில் ஆழமாகப் பதிந்தது. ‘வாயைக் கட்டாததால் வந்தது’, ‘அவங்க அப்பா வழியில வந்தது’, ‘போன பிறவி வினை’ என்று மூன்று விளக்கங்கள் அடிக்கடி கேட்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் பரம்பரை, உடல் எடை, உழைப்புக் குறைவு, உணவு, வயது எனப் பல காரணங்கள் பின்னியிருக்கின்றன. முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது, இனிப்பு தின்றதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே ஒருவர்மீது குற்றத்தைச் சுமத்தும் விளக்கம் எதுவும் உண்மைக்கு ஈடாகாது.

வினைக் கொள்கையைச் செயலின்மைக்குத் துணையாக்குவதைச் சைவ மரபே ஏற்கவில்லை. கொடிமாடச்செங்குன்றூர் எனப்படும் திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று மரபு கூறுகிறது. முன்வினையால் இந்தத் துன்பம் என்று சொல்பவர்கள் உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையல்லவா என்பதே அதன் தொடக்கத்தில் எழும் வினா. வினையை நம்புவோரும் மருந்தைத் தேட வேண்டும், நோயுற்றவரைக் குற்றவாளியாக்குவது வினைக் கொள்கையின் பயனாகாது. திருமூலரோ, முன்பு இழுக்கென்று எண்ணிய உடம்புக்குள் இறைவன் கோயில் கொண்டதை உணர்ந்தபின் அதைப் பேணிவருவதாகச் சொல்கிறார். அவருக்கு உடம்பைப் பேணுவது வழிபாட்டின் ஒரு பகுதி.

குற்றவுணர்வு மிகக் கூர்மையாகத் தாக்குவது முதல் வகை நீரிழிவுள்ள பெண்பிள்ளைகளின் குடும்பங்களை. வரன் அமையாது என்ற அச்சத்தில் நோயை மறைக்கிறார்கள். ஊசியை ஒளித்து வைக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. மறைத்து நடந்த திருமணத்தில் அந்தப் பெண் புகுந்த வீட்டில் வெளிப்படையாக ஊசி போடவும், இறங்கும் சர்க்கரைக்கு இனிப்புக் கேட்கவும் முடியாமல் உயிராபத்துக்கு உள்ளாகிறாள். தக்க கவனிப்புடன் அவளால் படிக்கவும் வேலை பார்க்கவும் குழந்தை பெறவும் முடியும். அதனால் உண்மையைச் சொல்லிச் செய்யும் திருமணமே அவள் உயிருக்குப் பாதுகாப்பு. மறைக்கச் சொல்லும் பெற்றோரின் அன்பு உண்மையானது, அதன் விளைவு அவளுக்கு எதிரானது.

நோன்பும் நேர்த்திக்கடனும்

சமயக் கடமையும் உடற்கடமையும் மோதும் இடங்களில் குடும்பத்தின் சொல்லே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ரமலான் நோன்பில் நோயாளருக்கும் பயணிகளுக்கும் குர்ஆன் வெளிப்படையாகச் சலுகை தருகிறது. பின்னால் ஈடுசெய்யலாம், இயலாதவர் ஏழைகளுக்கு உணவளிக்கலாம். ஆயினும் 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், முதல் வகை நீரிழிவுள்ள முஸ்லிம்களில் ஏறத்தாழ 43 சதவீதமும் இரண்டாம் வகையில் 79 சதவீதமும் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தது தெரிந்தது. ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை முதல் வகையினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியிருந்தது. எல்லோரும் நோன்பிருக்கும் வீட்டில் தாம் மட்டும் உண்பது வெட்கம் என்ற உணர்வு இதில் பெரும் பங்கு வகிக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர், உனக்கு இறைவன் தந்த சலுகை இது, கூச்சப்படாமல் சாப்பிடு என்று சொல்வது அங்கே மிகச் சிறந்த மருத்துவம். ஆபத்துக் குறைந்தவர் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு நோன்பிருக்க முடியும்.

ஏகாதசி, கந்த சஷ்டி, சிவராத்திரி விரதங்களிலும் இதே கேள்வி உண்டு. வேறுவகை ஆபத்து நேர்த்திக்கடன்களில் இருக்கிறது. நீரிழிவால் பாத நரம்புகளில் உணர்ச்சி மரத்துப்போனவர் சபரிமலைக்கோ பழனிக்கோ வெறுங்காலுடன் நடந்தால் முள் தைத்ததோ கொப்புளம் உடைந்ததோ தெரியாது. தீமிதியில் தீக்காயமும் அப்படியே. மகன் பிழைத்ததற்காகத் தாய் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றாவிட்டால் குற்றம் என்று இருவரும் அஞ்சலாம். நேர்ச்சையின் உயிர் நன்றியில் இருக்கிறது என்று கொண்டால், காலுக்குப் பாதுகாப்பான காலணியோ, நடைக்குப் பதில் அன்னதானமோ அந்த நன்றியைக் குறைப்பதில்லை. இதை நோயாளி தனியாக முடிவெடுக்க முடியாது. நேர்ந்துகொண்டவரும் சேர்ந்து ஒப்ப வேண்டும்.

வயதுக்கேற்ப இடம் மாறும் பொறுப்பு

பொறுப்பின் பங்கீடு வாழ்நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் இன்சுலின் முழுவதும் பெற்றோரின் வேலை. பதின்வயதில் பிள்ளை அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள விரும்பும். ‘பெரியவனாயிட்டான், அவனே பாத்துக்குவான்’ என்று ஒரே நாளில் விட்டுவிடும் குடும்பங்களில் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாவதைக் குழந்தை நீரிழிவு மருத்துவர்கள் காண்கிறார்கள். ஊசியைப் பிள்ளை போட, கணக்கைப் பெற்றோர் கூடவே பார்க்கும் பகிர்ந்த முறை நெடுநாள் தொடர்வது நல்லது.

முதுமையில் இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. நாற்பது ஆண்டு தம் மருந்தைத் தாமே எடுத்தவருக்குக் கண்பார்வையோ நினைவோ மங்கும்போது மாத்திரையை மகளோ மருமகளோ எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் இந்தக் கடமை அயலாருக்கும் அரசுக்கும் நீள்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. முதியவருக்குக் கடுமையான கட்டுப்பாட்டைவிடத் தாழ்சர்க்கரை வராமல் காப்பதே முதன்மை என்பது மருத்துவ வழிகாட்டுதல். எண்பது வயதுத் தந்தை விழாவில் ஒரு துண்டு மைசூர்பாகு கேட்டால், இளைஞருக்குரிய கண்டிப்பை அவரிடம் காட்டுவதற்கு மருத்துவமும் துணைநிற்காது, அறமும் துணைநிற்காது.

பராமரிப்பவருக்குரிய கடன்

பராமரிப்பு பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகிறது. கணவனுக்கு நோய் என்றால் மனைவி தனியாகச் சமைக்கிறாள், மாத்திரையை நினைவூட்டுகிறாள், மருத்துவமனைக்குக் கூடப் போகிறாள். அவளுக்கே நோய் என்றால் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றை நேரம் தவறிச் சாப்பிடுகிறாள். நடைப்பயிற்சிக்கு அவளுக்கு நேரமில்லை. தன் சோதனையைத் தள்ளிப்போடுவதைத் தியாகம் என்று அவளும் மற்றவர்களும் நம்புகிறார்கள். இங்கே குடும்ப அறம் தெளிவாகத் தவறுகிறது. பராமரிப்பு ஒரு பக்கமாகவே ஓடினால் அது அன்பின் பெயரால் நடக்கும் அநீதி. அவள் நேரத்துக்கு உண்ணவும், அரை மணி நடக்கவும், அடுப்படியிலிருந்து விடுபடவும் வழிசெய்வது கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய கடமை.

17 நாடுகளில் நடந்து 2013இல் வெளியான ‘டான் 2’ என்ற ஆய்வு, நீரிழிவுள்ள 8,596 பேருடன் அவர்களுடைய குடும்பத்தினர் 2,057 பேரிடமும் கேள்வி கேட்டது. குடும்பத்தினரும் கவலையையும் பாரத்தையும் சுமக்கிறார்கள் என்பதை அது பதிவுசெய்தது. அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், கற்றுக்கொள்ள வாய்ப்பு வேண்டும், மருத்துவரின் அறையில் பேச இடம் வேண்டும்.

இவையெல்லாவற்றையும் தொகுத்தால் தொடக்கத்துக் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. நீரிழிவில் வேலையைப் பகிரலாம், தீர்ப்பைப் பகிரக் கூடாது. சமைப்பது, வாங்குவது, நடக்கத் துணைபோவது, தாழ்சர்க்கரையில் காப்பது, மருத்துவரிடம் உடன்செல்வது ஆகியவை குடும்பத்துக்கும் உரியவை. தம் உடலைப் பற்றி முடிவெடுப்பதும், தவறினால் மறுபடி தொடங்குவதும், உண்மையைச் சொல்வதும் நோயுள்ளவருக்கு உரியவை. குழந்தைமை, முதுமை, மயக்கம் ஆகிய நிலைகளில் மட்டும் இந்தக் கோடு நகரும், அப்போதும் அவருடைய விருப்பமே வழிகாட்டியாக இருக்க வேண்டும். பராமரிப்பவரின் உடலும் மனமும் அதே அளவு பேணப்பட வேண்டும். இந்த வரம்புகளுக்குள் நிற்கும் குடும்பம் குறளின் நான்கு கூறுகளில் தன் கூற்றை முழுதாகச் செய்கிறது.